டெண்டர் இல்லாமல் 700 கோடி டாலர்: ஈராக் எண்ணெய் ஒப்பந்தத்தில் பணம் எங்கே கசிந்தது?

தணிக்கைப்பிரியன்:

ஹாலிபர்ட்டன் என்ற அமெரிக்க எண்ணெய்த்துறை நிறுவனத்தின் பெயர் வந்தாலே அன்றைய அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனியின் பழைய நிறுவனம், ஊழல் என்று இரண்டு வரியில் கடையைக் கட்டிவிடுகிறோம். அவர் 1995 முதல் 2000 வரை அதன் தலைமை நிர்வாகியாக இருந்தவர்தான். ஆனால் அந்த ஒரு தகவலையே பிடித்துக்கொண்டு தொங்குவதால், கோப்பில் நடந்தவை நம் கண்ணில் படாமலே போய்விடுகின்றன.

சுருக்கமாகச் சொல்கிறேன். 2003 மார்ச் 8 அன்று, படையெடுப்புக்கு இரண்டு வாரம்கூட இல்லாத நிலையில், அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை ஈராக்கின் எண்ணெய் வயல்களைச் சீரமைக்கும் ஒப்பந்தத்தை ஹாலிபர்ட்டனின் துணை நிறுவனமான கே.பி.ஆருக்குக் கொடுத்தது. டெண்டர் கிடையாது. உச்சவரம்பு 700 கோடி டாலர். காலம் இரண்டு ஆண்டு, விரும்பினால் மேலும் மூன்று முறை ஓராண்டு நீட்டிக்கலாம். ஆகும் செலவு எவ்வளவோ அவ்வளவும் தரப்படும். அதற்கு மேல் 2 சதவீதம் உறுதியான கட்டணம், வேலையின் தரத்தைப் பார்த்து 5 சதவீதம் வரை ஊக்கத்தொகை.

சதாம் படைகள் கிணறுகளுக்குத் தீ வைத்துவிடும் என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. 1991இல் குவைத்தில் 600க்கும் மேற்பட்ட கிணறுகள் எரிந்தன, அந்த அச்சம் நியாயமானதே. 2003இல் எரிந்தவையோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. எதற்காக அவசரம் என்றார்களோ அது நடக்கவில்லை. ஒப்பந்தம் மட்டும் அப்படியே நின்றது, குவைத்திலிருந்து பெட்ரோல் இறக்குமதி செய்யும் வேலையாக உருமாறி வளர்ந்தது.

டெண்டர் இல்லாமல் தொடங்கியதை நான் குற்றமாகச் சொல்ல வரவில்லை. அவசரம் முடிந்த பிறகும் அவசரத்தின் சலுகைகள் தொடர்ந்தன, அதுதான் என் ஆட்சேபம். உறுப்பினர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வடகரை:

இருபது ஆண்டு கழித்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்வது எளிது. அந்தப் பிப்ரவரியில் போர்த் திட்டம் ரகசியம். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, 'நாங்கள் ஈராக்குக்குள் நுழையப்போகிறோம், எண்ணெய்க் கிணற்றுத் தீ அணைக்க விலைப்புள்ளி தாருங்கள்' என்று கேட்டிருக்க முடியுமா? உரிய ரகசிய அனுமதியோடு, ஆளும் கருவியும் தயாராக வைத்திருந்த நிறுவனம் அது.

இது என் சொந்த வாதமும் இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2004 ஜூனில் போட்டியற்ற ஒப்பந்தங்களை ஆராய்ந்து, புதிதாகக் கொடுக்கப்பட்டவை பொதுவாகச் சட்டத்துக்கு உட்பட்டவையே என்றது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தணிக்கைப்பிரியன்:

சொல்கிறேன், ஆனால் அதே அறிக்கையின் மறுபக்கத்தையும் சேர்த்து. கே.பி.ஆர் அந்த வேலைக்குத் 'தயாராக' இருந்தது எப்படி? 2002 நவம்பரிலேயே, எண்ணெய்க் கட்டமைப்பைச் சீரமைக்கும் திட்டத்தை எழுதித் தர அதற்கு 19 லட்சம் டாலருக்கு ஒரு பணியாணை போயிருந்தது. படைவீரர்களுக்கு உணவு, கூடாரம், துணி துவைப்பு ஏற்பாடு செய்யும் லாக்கேப் என்ற தளவாட ஒப்பந்தத்தின் கீழ் அதைக் கொடுத்தார்கள். எண்ணெய்த் திட்டம் அந்த ஒப்பந்தத்தின் வரம்புக்குள் வராது என்று நீங்கள் மேற்கோள் காட்டிய அறிக்கையே சொல்கிறது.

திட்டத்தை எழுதியவனுக்கு மட்டுமே திட்டம் தெரியும், ஆகவே வேலையையும் அவனுக்கே கொடுக்க வேண்டும் என்பது வட்டமடிக்கும் நியாயம். மதிப்பீடு போட்டவரை அந்த வேலையின் ஒப்பந்தக்காரராகச் சேர்க்காமல் இருப்பது எந்த ஊரிலும் பாலபாடம்.

மராமத்து:

இந்திய ராணுவப் பொறியாளர் சேவையில் ஒப்பந்தப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அமெரிக்க விதிகள் எனக்கு மனப்பாடம் இல்லை, ஆனால் கோப்பின் நாற்றம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

ஒற்றை டெண்டர் எங்களிடமும் உண்டு. வெள்ளத்தில் பாலம் போய்விட்டால், படைப்பிரிவு அக்கரையில் நின்றால், யாரும் மூன்று விலைப்புள்ளி கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். அப்போது எங்கள் பழைய மேலதிகாரி ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: 'இந்த ஆணை எப்போது சாகும்?' தற்காலிகப் பாலம் போட்டதும் அந்த ஆணை முடிந்துவிட வேண்டும். நிரந்தரப் பாலத்துக்குத் தனி டெண்டர். அவசர ஆணையிலேயே நிரந்தரப் பாலத்தையும் நுழைத்தால் கோப்பு திரும்பி வரும்.

தணிக்கைப்பிரியன் சொன்ன ஒப்பந்தத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது 700 கோடி அல்ல, ஐந்து ஆண்டு.

இன்னொன்று. செலவோடு கட்டணம் என்ற முறையில் ஒப்பந்தக்காரருக்குச் சிக்கனம் ஒரு நஷ்டம். செலவுக்கு இத்தனை சதவீத லாபம் என்று நேராக எழுதுவதை அமெரிக்கச் சட்டமே தடை செய்திருக்கிறது. அதனால் மதிப்பிட்ட செலவின்மீது கட்டணத்தைக் கணக்கிடுகிறார்கள். மதிப்பீட்டைப் போடுவது யார் என்று பார்த்தால் மறுபடி அதே இடத்துக்கு வந்து நிற்போம். இந்த முறை கூடாது என்று சொல்லமாட்டேன். தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத வேலைக்கு வேறு வழியில்லை. ஆனால் அரசு தரப்பில் ஒருவர் களத்தில் நின்று ஒவ்வொரு செலவுப் பட்டியலையும், நடந்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டாக வேண்டும். அந்த ஆளைப் போடாமல் இந்த முறையில் ஒப்பந்தம் போட்டால் பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டதாகத்தான் அர்த்தம்.

இளவேனில்:

மராமத்து ஐயா கேட்ட அதே கேள்வியை அங்கேயும் ஒருவர் கேட்டார். பன்னட்டைன் கிரீன்ஹவுஸ். பொறியாளர் படையின் ஒப்பந்தங்களுக்கெல்லாம் தலைமை அதிகாரி, 1997 முதல் அந்தப் பதவியில் இருந்தவர். லூசியானாவின் ரேவில் என்ற சிற்றூரில் பிறந்த கறுப்பினப் பெண்மணி, ஆரம்பத்தில் கணித ஆசிரியை. (கூடைப்பந்து பார்ப்பவர்களுக்கு: எல்வின் ஹேயஸ் இவருடைய தம்பி.)

2003 பிப்ரவரி இறுதியில் பென்டகனில் இந்த ஒப்பந்தத்தைப் பற்றிய கூட்டம். அரசின் நிபந்தனைகளைப் பேசும் அந்த அறையில் கே.பி.ஆர் ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை வெளியே அனுப்பும்படி கிரீன்ஹவுஸ்தான் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு, ஏன் போட்டியில்லாமல் கொடுக்கிறோம் என்று விளக்கும் நியாயவுரை அவர் கையெழுத்துக்கு வந்தது. ஐந்தாண்டுக் காலத்தை அவர் ஏற்கெனவே எதிர்த்திருந்தார். ஆனாலும் தாளில் ஐந்து ஆண்டு அப்படியே இருந்தது. போர் வாசலில் நிற்கிறது, கையெழுத்திட மறுத்தால் பழி இவர் தலையில் விழும்.

அவர் கையெழுத்திட்டார். பக்கத்திலேயே பேனாவால் ஒரு குறிப்பும் எழுதினார்: இந்த ஒற்றை மூல ஏற்பாட்டை ஓராண்டுக்கு மேல் நீட்டினால், போட்டிக்கு விடும் எண்ணமே நமக்கு இல்லை என்ற தோற்றம் வரக்கூடும் என எச்சரிக்கிறேன் என்பது அதன் சாரம். தனித்தாளில் எழுதினால் கோப்பிலிருந்து தாள் காணாமல் போகலாம். கையெழுத்துக்குப் பக்கத்தில் மையால் எழுதியதைப் பிரித்தெடுக்க முடியாது. பின்னர் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆவணம் வெளிவந்தபோது அந்த வரியும் கூடவே வந்தது.

2005 ஜூன் 27 அன்று செனட் ஜனநாயகக் கட்சியினரின் கொள்கைக் குழு முன் சாட்சியம் அளித்தார். தன் பணிக்காலத்தில் கண்டவற்றிலேயே மிக வெளிப்படையான ஒப்பந்த முறைகேடு இதுதான் என்றார். ஆகஸ்டில் பதவி இறக்கப்பட்டார்.

வடகரை:

பணித்திறன் மதிப்பீடு மோசமாக இருந்ததால்தான் பதவி இறக்கம் என்று பொறியாளர் படை சொன்னது. இரு தரப்பையும் கேட்பதுதானே முறை?

இளவேனில்:

கேட்போம். அதற்கு முன் பல ஆண்டுகள் அதே படை அவருக்கு உயர்ந்த மதிப்பீடு கொடுத்திருந்தது. ஒப்பந்தங்களைக் கேள்வி கேட்கத் தொடங்கிய பிறகுதான் மதிப்பெண் சரிந்தது. வழக்கு 2011 ஜூலையில் சமரசமாக முடிந்தது. அரசு அவருக்கு 9.7 லட்சம் டாலர் கொடுத்தது. நிலுவைச் சம்பளம், இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாம் சேர்த்து. தரப்புகளைக் கேட்டாயிற்று, மதிப்பீட்டை நீங்களே போடுங்கள் வடகரை.

பாலைவனக்கணக்கர்:

பெட்ரோல் இறக்குமதி பற்றிப் பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன். 2003, 2004இல் குவைத்தில் டேங்கர் லாரிகள் ஓட்டிய ஒரு போக்குவரத்து நிறுவனத்தில் கணக்கு எழுதினேன். நாங்கள் துணை ஒப்பந்தக்காரருக்குத் துணை ஒப்பந்தக்காரர். பெயர் வேண்டாம்.

என் மேசைக்கு வரும் தாள்களில் எரிபொருளின் விலை ஒரு சிறு பகுதிதான். மீதியெல்லாம் காத்திருப்பு. அப்தலி எல்லைச் சாவடியில் லாரி நிற்கும், ராணுவப் பாதுகாப்பு அணி வரும்வரை நகர முடியாது. நின்ற நாளுக்கு வாடகை. மறுபக்கம் இறக்கும் இடத்தில் வரிசை, அதற்கும் வாடகை. காலியாகத் திரும்பும் ஓட்டத்துக்கு ஒரு கட்டணம். ஓட்டுநரின் பயணச்சீட்டில் புறப்பட்ட நேரமும் சேர்ந்த நேரமும் கையால் எழுதியிருக்கும், சில நாள் எல்லாச் சீட்டிலும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. அதைச் சுட்டிக் காட்டினால் மேலாளர் சிரிப்பார். 'மேலே இருப்பவர் கேட்கவில்லை, நீ ஏன் கேட்கிறாய்?' என்பார்.

வடகரை சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஓட்டுநர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போனார்கள், எரிந்த லாரிகளின் படங்களும் அதே மேசைக்கு வந்தன. பாதுகாப்பு இல்லாத பாதைக்குக் கூடுதல் விலை கேட்பதில் தவறில்லை. ஆனால் எது ஆபத்துக்கான விலை, எது சும்மா ஏற்றிய விலை என்று பிரித்துப் பார்க்க யாரும் வரவில்லை.

தணிக்கைப்பிரியன்:

கணக்கர் அண்ணா சொன்னதற்கு மறுமுனைக் கணக்கு இதோ. 2003 டிசம்பரில் பாதுகாப்பு ஒப்பந்தத் தணிக்கை முகமை வெளியிட்ட கண்டறிதல்: செப்டம்பர் இறுதி வரை குவைத்திலிருந்து ஏறத்தாழ 5.7 கோடி கேலன் வந்தது. விலை கேலனுக்கு 2.27 டாலர். அதே காலத்தில் துருக்கி வழியாக அதே நிறுவனம் கொண்டுவந்தது 1.18 டாலருக்கு. கூடுதலாகப் போன தொகை 6.1 கோடி டாலர் வரை இருக்கலாம் என்றார்கள்.

ஒரு சாதாரண அலுவலகத்தில் அடுத்த அடி என்னவாக இருக்கும்? 'குவைத் விற்பனையாளரின் செலவுக் கணக்கைக் கொண்டுவா' என்பதுதான். 1962இலிருந்து அதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. போட்டி இல்லாமல் விலை பேசும்போது, ஒப்பந்தக்காரர் தன் உண்மையான செலவு விவரங்களைக் கொடுத்து அவை சரியானவை என்று சான்றளிக்க வேண்டும். சந்தையே விலையைச் சொல்லாத இடத்தில் சட்டம் வைத்திருக்கும் ஒரே தராசு அது.

தணிக்கைச் செய்தி வெளியான சில நாட்களில், டிசம்பர் 19 அன்று, பொறியாளர் படை கே.பி.ஆருக்கு அந்த விவரங்களைக் கொடுப்பதிலிருந்து விலக்கு அளித்தது. அந்தத் தாள் கிரீன்ஹவுஸ் கைக்குப் போகவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு போனது. முதல் கோப்பில் கையெழுத்துக்குப் பக்கத்தில் குறிப்பெழுதியவரிடம் இரண்டாவது கோப்பைக் காட்டவே இல்லை. டெண்டர் விடாததைவிட எனக்கு இதுதான் பெரிய குற்றமாகப் படுகிறது. போர் தொடங்கி ஒன்பது மாதம் ஆகியிருந்தது, அப்போது என்ன அவசரம்?

கடலோடி:

எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். அமெரிக்க வரிப்பணம் அமெரிக்கர்கள் தலைவலி. நாம் ஏன் இவ்வளவு வருத்தப்பட வேண்டும்?

இளவேனில்:

அமெரிக்க வரிப்பணம் என்று யார் சொன்னது? அந்த ஒப்பந்தத்துக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி ஈராக்கியர்களுடையது. 2003 மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1483ஆம் தீர்மானத்தோடு ஈராக் வளர்ச்சி நிதி என்ற கணக்கு வந்தது. எண்ணெய் விற்ற வருமானமும், ஈராக் எண்ணெயை விற்று உணவு வாங்க ஐ.நா. நடத்திய ‘உணவுக்கு எண்ணெய்’ திட்டத்தின் மீதியும் அதில் விழும். செலவழிக்கும் அதிகாரம் அமெரிக்கத் தலைமையிலான ஆக்கிரமிப்பு நிர்வாகத்திடம். குவைத் பெட்ரோலுக்கான தொகை பெரும்பாலும் அந்தக் கணக்கிலிருந்தே போனது.

மேற்பார்வைக்கு ஒரு சர்வதேசக் கண்காணிப்பு வாரியமும் இருந்தது. அது தணிக்கை அறிக்கைகளைக் கேட்டபோது, அமெரிக்கத் தரப்பு கே.பி.ஆருக்குப் பிடிக்காத எண்களை மை பூசி மறைத்துக் கொடுத்தது. எதை மறைப்பது என்பதில் அந்த நிறுவனத்தின் விருப்பத்தையே பின்பற்றினார்கள். யாருடைய பணமோ அவர்களுக்காகப் பார்க்க வந்தவர்களிடமே எண்களைக் காட்டவில்லை! 2005 நவம்பரில் அந்த வாரியம், 20.8 கோடி டாலர் வரை ஈராக்குக்குத் திருப்பித் தர வேண்டியிருக்கலாம் என்று பரிந்துரைத்தது.

மராமத்து:

பெட்ரோலை விட்டுவிட்டு ஒரு கட்டுமான வேலைக்கு வருவோம். எனக்குத் தூக்கம் கெட்ட இடம் அல் ஃபத்தா.

கிர்குக்கிலிருந்து பைஜி சுத்திகரிப்பு ஆலைக்குப் போகும் குழாய்கள் டைகிரிஸ் ஆற்றை அல் ஃபத்தா பாலத்தின்மீது கடந்தன. 2003 ஏப்ரலில் அமெரிக்க விமானங்கள் பாலத்தைக் குண்டு வீசித் தகர்த்தன, குழாய்களும் போயின. மீட்க இரண்டு வழி: பாலத்தைச் சரி செய்து குழாயைப் போடுவது, அல்லது ஆற்றின் அடியில் கிடைமட்டமாகத் துளையிட்டு இழுப்பது. இரண்டாவதைத் தேர்ந்தார்கள். வேலை இதே போட்டியற்ற ஒப்பந்தத்தின் பணியாணையாக கே.பி.ஆருக்குப் போனது. ஒதுக்கீடு 7.57 கோடி டாலர்.

கிடைமட்டத் துளை களிமண்ணில் வெண்ணெய் வெட்டுகிறமாதிரி போகும். கூழாங்கல்லும் தளர்ந்த சரளையுமாக இருந்தால் துளை நிற்காது. துரப்பணத் தலை முன்னே போகப் போகப் பின்னால் சரிந்து மூடிக்கொள்ளும், எவ்வளவு சேற்றுக்குழம்பு பாய்ச்சினாலும் கல்லிடுக்கில் ஓடிவிடும். அந்த ஆற்றடி இரண்டாவது வகை. துளையிடத் தொடங்குவதற்கு முன்பே மண் ஆய்வு செய்த ஆலோசகர் எச்சரித்திருந்தார், மேலும் சோதனைத் துளை போட்டுப் பார்க்கச் சொன்னார். பார்க்கவில்லை. மாதக்கணக்கில் துளைத்தார்கள், துளை இடிந்தது, மறுபடி துளைத்தார்கள். துளையிட்ட துணை ஒப்பந்தக்காரருக்கு வேலையை முடித்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, முயற்சி செய்தாலே பணம். ஈராக் மறுசீரமைப்புக்கான சிறப்புத் தலைமை ஆய்வாளர் 2006இல் எழுதிய கணக்குப்படி ஒதுக்கிய பணம் முழுவதும் தீர்ந்தபோது துளையிடுதலில் 28 சதவீதம்தான் முடிந்திருந்தது.

ஒரே கேள்வி. இதே வேலையை நிலையான விலைக்கு எடுத்த ஒப்பந்தக்காரர், ஆலோசகரின் அந்த அறிக்கையைப் படிக்காமல் இருந்திருப்பாரா? அவர் சொந்தப் பணம் கூழாங்கல்லில் ஓடும்போது இரண்டாம் நாளே இயந்திரத்தை நிறுத்தியிருப்பார். பிறகு அந்தக் கடப்பு வேலை நிலையான விலை ஒப்பந்தமாகவே வேறு நிறுவனத்துக்குப் போனது.

வடகரை:

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு வணக்கம். ஆனால் போட்டி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நினைப்பை ஏற்கமாட்டேன். பார்சன்ஸ் நிறுவனம் 2004இல் முறையான போட்டியில்தான் ஈராக்கின் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் கட்டும் வேலையை எடுத்தது. 150 கட்டுவதாகத் திட்டம். 2006 வாக்கில் ஏறத்தாழ 18.6 கோடி டாலர் செலவழிந்து, முடிந்திருந்தவை ஆறு. அவர்களே கட்டிய பாக்தாத் காவல் பயிற்சிக் கல்லூரியில் மேல்மாடிக் கழிவுநீர் கீழே பயிற்சியாளர்கள் தங்கும் அறைகளில் சொட்டியது. அதற்கும் டெண்டர் உண்டு.

எண்ணெய் ஒப்பந்தத்தையே போட்டி வைத்து 2004 ஜனவரியில் கொடுத்தபோது தெற்குப் பகுதியை மறுபடி கே.பி.ஆர்தான் வென்றது, 120 கோடி டாலர். வடக்கு பார்சன்ஸுக்கு. என்ன மாறியது?

தணிக்கைப்பிரியன்:

நல்ல அடி. ஆனால் பார்சன்ஸ் வென்ற அந்தச் சுகாதார நிலையங்களும் செலவோடு கட்டணம் என்ற அதே வகைதான். வாசலில் போட்டி வைத்துவிட்டு உள்ளே சாவியைக் கொடுத்துவிட்டார்கள். அதாவது உங்கள் எடுத்துக்காட்டு மராமத்து ஐயாவின் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது. விலையைக் கட்டுப்படுத்துவது போட்டி, அல்லது செலவு விவரங்களை உரித்துப் பார்க்கும் உரிமை, அல்லது களத்தில் அளவெடுக்கும் ஆள். மூன்றில் ஒன்றாவது உயிரோடு இருக்க வேண்டும். எண்ணெய் ஒப்பந்தத்தில் மூன்றும் இல்லை.

இது ஈராக்கோடு முடிந்த கதையும் இல்லை. டிரான்ஸ்டைம் என்ற விமான உதிரிபாக நிறுவனத்தைப் பென்டகனின் தலைமை ஆய்வாளர் 2019இல் ஆராய்ந்தார். பல பாகங்களுக்கு அது ஒன்றே மூலம். பரிசோதித்த 47 பாகங்களில் 46இல் மிகை லாபம், ஒன்றில் 4,451 சதவீதம். போர் இல்லை, குண்டு இல்லை, எரியும் லாரி இல்லை. ஏறக்குறைய எல்லா ஆணைகளும் செலவு விவரம் கேட்கும் வரம்புத் தொகைக்குக் கீழே இருந்ததால் விவரத்தைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் ஒப்பந்த அதிகாரியிடம் இல்லை. விசாரணை வெளிச்சம் பட்ட பிறகு 1.61 கோடி டாலரைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நெறியாளர்:

ரஃபேல் பற்றிய ஏழு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே பொறியியல் ஒப்பந்தங்கள் மட்டும்.

பாலைவனக்கணக்கர்:

தணிக்கையர்கள் ஆட்சேபித்த தொகை கடைசியில் என்ன ஆனது? எங்கள் நிறுவனத்துக்கு வரவேண்டிய பாக்கியெல்லாம் முழுதாக வந்துசேர்ந்தது நினைவிருக்கிறது. அப்போதே வியந்தேன்.

இளவேனில்:

வியக்க வேண்டியதுதான். ஏறத்தாழ 241 கோடி டாலர் ஒப்பந்தத்தில் தணிக்கை முகமை கேள்வி எழுப்பியது 26.3 கோடிக்கு. 2006 பிப்ரவரியில் வெளிவந்த ராணுவத்தின் முடிவு: பிடித்தம் 1.01 கோடி மட்டும். மீதியெல்லாம் பட்டுவாடா. தணிக்கையர்கள் ஆட்சேபித்ததில் பாதிக்கு மேல் பிடித்தம் செய்வது அந்த ஆண்டுகளில் சாதாரணம், இங்கே நான்கு சதவீதம்கூட இல்லை. போர்க்காலச் சூழலில் அந்தச் செலவுகள் தவிர்க்க முடியாதவை என்பது ராணுவம் சொன்ன காரணம்.

வடகரை:

ஆட்சேபம் வேறு, நிரூபணம் வேறு. கணக்கர் அண்ணாவே ஆபத்துக்கு விலை உண்டு என்கிறார். போர் நடுவே பட்டியல் இல்லை என்பதற்காகக் கொடுத்த வேலைக்குப் பணம் தராமல் இருந்தால், அடுத்த போரில் எவன் வருவான்?

மராமத்து:

வடகரை தம்பி, பட்டியல் இல்லை என்பதுதானே குற்றச்சாட்டே! பட்டியல் கேட்கும் உரிமையை டிசம்பரிலேயே கைகழுவிவிட்டு, பிப்ரவரியில் 'ஆதாரம் இல்லை, ஆகவே கொடுத்துத்தான் ஆக வேண்டும்' என்றால் எப்படி? எங்கள் அலுவலகத்தில் ஆடிட் பாரா என்ற தணிக்கை ஆட்சேபம் ஒன்று வந்தால் அதை முடித்துவைக்கப் பதில் எழுதிய அதிகாரியின் பெயர் கோப்பில் நிற்கும். இங்கே விலக்கு அளித்தவரும் பட்டுவாடாவை முடிவு செய்தவரும் ஒரே படை.

கடலோடி:

பிறகு ஏதாவது திருந்தியதா, இல்லையா?

இளவேனில்:

கொஞ்சம். போர்க்கால ஒப்பந்த ஆணையம் 2011 ஆகஸ்டில் தந்த இறுதி அறிக்கை ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் வீணானது 3,100 கோடி முதல் 6,000 கோடி டாலர் வரை இருக்கும் என்று மதிப்பிட்டது. அதற்கு முன்பே நாடாளுமன்றம் சில திருகுகளை முறுக்கியிருந்தது. போட்டி இல்லாமல் கொடுத்தால் அதற்கான நியாயவுரையை ஒப்பந்தம் கொடுத்த 14 நாளுக்குள் பொதுவில் வெளியிட வேண்டும், அவசரக் காரணம் என்றால் 30 நாள். அவசரத்தைக் காட்டிக் கொடுக்கும் ஒப்பந்தம் ஓராண்டைத் தாண்டக்கூடாது. கிரீன்ஹவுஸ் பேனாவால் எழுதிய அதே ஓராண்டு.

விதிவிலக்கும் வைத்திருக்கிறார்கள். அசாதாரணச் சூழல் என்று துறைத் தலைவர் எழுத்தில் தீர்மானித்தால் ஓராண்டைத் தாண்டலாம்.

வடகரை:

அந்த விதிவிலக்கு இருக்கத்தான் வேண்டும். ஒரு போர் பன்னிரண்டாம் மாதக் கடைசித் தேதியில் முடிய ஒப்புக்கொண்டு தொடங்குவதில்லை.

மராமத்து:

இருக்கட்டும், மறுக்கவில்லை. பதின்மூன்றாம் மாதம் ஏன் தேவைப்பட்டது என்று பெயரோடும் தேதியோடும் ஒரு தாள் கோப்பில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். வெளியான நியாயவுரைகளில் பொறியாளர் படையுடையவற்றை யாராவது இங்கே தமிழில் சுருக்கித் தந்தால் வரி வரியாகப் பார்க்கலாம். முதலில் கட்டுமானம் தொடர்பானவை. உதிரிபாகங்கள் எனக்குப் புரியாது.